நாற்பத்தொன்றாம் பெட்டி

4 மார்ச்

அக்காவுக்கு,

உங்கள் மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் சென்ற ஆகஸ்டில் இரண்டு பெண்களின் மாதிரிகள் இடம் மாறியது உண்மைதான் என்று விசாரணைக் குழு நேற்று மாலை நான்கரை மணிக்கு எழுத்தில் உறுதி செய்திருக்கிறது. எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் பத்திரிகையின் மருத்துவச் செய்தியாளர். குழுவின் கடிதத்தை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதில் யார் பெயரும் இல்லை. "இருபத்தாறு ஆண்டு அனுபவமுள்ள மூத்த பணியாளர்" என்று மட்டும் இருக்கிறது.

அந்தக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டு இருப்பவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது. நோயில்லாமலேயே வலது மார்பை எடுத்துவிட்டார்கள். இன்னொருவருக்கு ஐம்பத்திரண்டு. நோயிருந்தும் ஒன்றுமில்லை என்று அனுப்பப்பட்டு, ஐந்து மாதம் மருந்தே இல்லாமல் இருந்திருக்கிறார். இவ்வளவும் உறுதியானது. எப்படி நடந்தது என்பது உறுதியாகவில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதும்.

உங்கள் தொலைபேசி எண் மாறிவிட்டது. முகவரியை உங்கள் ஆலயத்துப் போதகரிடம் கேட்டு வாங்கினேன். "நீங்க யாரு?" என்றார். தம்பி என்றேன். இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் முகவரியைச் சொன்னார்.

ஒரு வரி எழுதினால் போதும்.

தம்பி


9 மார்ச்

தம்பிக்கு,

ஒன்பது வருடம் கழித்து அக்காவுக்கு எழுதுகிற கடிதத்தை நேற்று மாலை நான்கரை மணி என்று தொடங்க உன்னால்தான் முடியும். அம்மா இருந்திருந்தால், "இவன் கல்யாணப் பத்திரிகையிலேயே 'நம்பத் தகுந்த வட்டாரங்கள்'னு போட்டிருப்பான்" என்றிருப்பாள்.

ஒரு வரி கேட்டாய். ஆமாம், நான்தான்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். திங்கள்தோறும் காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். குடியிருப்பு அறையைக் காலி செய்யச் சொல்லவில்லை. மூன்றாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் சலவைக் கூடத்தின் ஆவிக் குழாய். கூடத்தில் என்னோடு வேலை செய்கிற பெண், நாங்கள் கண்ணாடி என்று கூப்பிடுவோம், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகிறாள். "ஜெபக்கா, உயிரோட இருக்கீங்களா?" என்று வெளியிலிருந்தே கேட்பாள். "இருக்கேண்டி" என்றால் போய்விடுவாள். வேலையில் எனக்கு அந்தப் பெயர்தான்.

புது எண்ணைத் தரமாட்டேன். போனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய். காகிதத்தில் மாற்ற முடியாது. அதனால் எழுது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல். கேட்பது என் தம்பியா, பத்திரிகையா?

அக்கா


14 மார்ச்

அக்காவுக்கு,

பத்திரிகை இல்லை. இந்தச் செய்தியை நான் தொடமாட்டேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். சொன்னேன். "உங்களுக்கு ஒரு அக்கா இருக்காங்கன்னு நீங்க சொன்னதே இல்லையே சார்?" என்றார். பதினோரு வருடமாக எதிர் மேசையில் உட்கார்ந்திருப்பவர்.

தம்பியாக ஒரு யோசனை சொல்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் கூடத்தில் மூன்று இடங்களில் இரண்டு பதினான்கு மாதமாகக் காலியாக இருந்தன. மருத்துவமனையே வெளியிட்ட பட்டியலில் இது இருக்கிறது. ஒரே ஆள் ஒரு நாளில் முப்பது மாதிரிகளைப் பார்க்கலாம் என்பது விதி. அன்றைக்கு உங்கள் மேசைக்கு வந்தவை அறுபத்தெட்டு. விளக்கம் கேட்கும்போது "பணிச்சுமை" என்று எழுதினால் அது பொய்யாகாது. இருபத்தேழு வருடம் செய்தி எழுதியவன் சொல்கிறேன், அது அச்சில் நிற்கும்.

உங்கள் மேல் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தப் பழக்கம் உங்களுக்கு உண்டு. சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்கெல்லாம் நீங்கள்தான் அடி வாங்கினீர்கள்.

வீட்டில் அவளும் உங்களை விசாரித்தாள்.

தம்பி


19 மார்ச்

தம்பிக்கு,

தொழிற்சங்கச் செயலாளரும் நீ சொன்னதையேதான் சொன்னார். "அம்மா, பணிச்சுமைன்னு ஒரு வார்த்தை போடுங்க, மீதியை நாங்க பார்த்துக்கறோம். உங்களை அசைக்க முடியாது" என்றார். நல்ல மனிதர். அறுபத்தெட்டும் உண்மை. ஆனால் அதற்கு முந்தின நாள் எழுபத்தொன்று வந்தது. அன்று ஒன்றும் மாறவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நீ கேட்டபடி, வரிசையாக.

ஊசி வழியாக எடுத்த திசு தீக்குச்சியில் பாதி நீளம் இருக்கும், நூல் கனம். மருந்துத் தண்ணீர் உள்ள சின்னப் புட்டியில் வரும். புட்டியில் ஆளின் பெயர் ஒட்டியிருக்கும். நான் அதை இடுக்கியால் எடுத்து விரல்நுனி அளவு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூட வேண்டும். பெட்டியில் பெயர் கிடையாது, பென்சிலால் எழுதிய எண் மட்டும். அங்கிருந்து, நுண்ணோக்கியில் பார்த்து முடிவு எழுதுகிற பெரிய டாக்டரம்மாவின் மேசை வரைக்கும் அந்த எண்தான் ஆள். ஒரு புட்டி, ஒரு பெட்டி, முடித்த பிறகு அடுத்தது என்பது விதி. காலையிலேயே எல்லாப் பெட்டிகளுக்கும் எண் எழுதி வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் வழக்கம்.

எனக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. புட்டியைக் கையில் எடுத்ததும் பெயரை வாசித்து, அந்த ஆளுக்காக மனசுக்குள் ஒரு வரி ஜெபிப்பேன். அப்புறம்தான் இடுக்கியைத் தொடுவேன். வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து அப்படித்தான். அதனால் வந்த பெயர்தான் ஜெபக்கா. எத்தனை ஆயிரம் பேர் என்று எண்ணியதில்லை. ஒருவரைக்கூட விட்டதில்லை என்று ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு நாற்பத்தொன்றாவது புட்டியை எடுத்தேன். அதில் உன் மனைவியின் பெயர். அவள் இல்லை, அதே பெயருள்ள யாரோ. அப்பா பெயர் வேறு, வயது வேறு. எல்லாம் தெரிந்தது. ஆனாலும் ஜெபம் வரவில்லை. இரண்டு தடவை முயன்றேன். அந்தப் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் நல்லது கேட்க என் மனசு ஒப்பவில்லை. ஜெபிக்காமல் திசுவைத் தொடவும் மனசு வரவில்லை. சரி, கொஞ்சம் கழித்துப் பார்க்கலாம் என்று புட்டியை இடது பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு அடுத்த புட்டியை எடுத்தேன்.

பெட்டிகள் வரிசையில் இருந்தன. கை வரிசைப்படி போயிற்று. முன்னால் இருந்த பெட்டி நாற்பத்தொன்று.

நாற்பத்திரண்டாவது பெண்ணுக்காக நன்றாக ஜெபித்தேன், தம்பி. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவர் என்று சீட்டில் இருந்தது, அதனால் அவர் குரலுக்காகவும் சேர்த்துக் கேட்டேன். கேட்டுக்கொண்டே அவரை இன்னொருத்தியின் பெட்டியில் வைத்து மூடினேன். அடுத்த புட்டியிலிருந்து மறுபடி எண் பார்த்தே வைத்தேன், நடுவில் காலியாக நின்ற பெட்டி ஒதுக்கிவைத்த புட்டிக்குரியது என்றே நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஒதுக்கிவைத்த புட்டியை, ஜெபம் இல்லாமலே, மிச்சமிருந்த ஒரே பெட்டியில் முடித்தேன். எண்ணைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு பெட்டிதானே மிச்சம், பார்க்க என்ன இருக்கிறது?

நாற்பத்தொன்றாம் எண்ணுக்குரிய அந்தச் சின்னப் பெண்ணின் மார்பை அறுத்துப் பார்த்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. இருந்தது எல்லாம் ஊசியிலேயே வந்திருக்கும் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். ஜனவரியில் பாட்டு டீச்சர் கட்டி பெரிதாகித் திரும்பி வந்த பிறகுதான் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

பணிச்சுமை என்று நான் எப்படி எழுதுவேன்?

குடியிருப்பிலிருந்து கூடத்துக்குப் பதினோரு நிமிட நடை. ஒன்பது வருடமாக அந்தப் பதினோரு நிமிடமும் எனக்கு ஒரே யோசனைதான். உன் வீட்டு வாசல். உன் மனைவி கதவு நிலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்கிறேன். வருடத்துக்கு வருடம் அந்தப் பேச்சைச் செப்பனிட்டிருக்கிறேன். இப்போது அதில் ஒரு சொல்கூட வீண் கிடையாது. கூடத்துப் படியில் கால் வைக்கும்போது பேச்சு முடியும், அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு எல்லோருக்காகவும் ஜெபிக்க ஆரம்பிப்பேன். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்கிற ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது நான் உதட்டை மட்டும் அசைப்பேன். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. போன வருடம் பெண்கள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பு, மனசுக்குள் எதை நுழைய விடுகிறோம் என்பது. நாற்பது நிமிடம் பேசினேன். இரண்டு பேர் அழுதார்கள்.

ஏப்ரல் நான்குக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும். எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் பக்கம் பெட்டிகள். இரண்டாம் பக்கம் அவள்: அம்மா இறந்ததை அடக்கம் முடிகிறவரை எனக்குச் சொல்லாமல் மறைத்தது, "அவங்க வந்தா அழுது ஊரைக் கூட்டுவாங்க, முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்" என்று உங்கள் பக்கத்து வீட்டில் சொன்னது, அந்தக் கசப்போடு நான் ஒன்பது வருடம் இருந்தது. பழியை அவள் மேல் போடவில்லை. ஆனால் வேர் எங்கே என்று கேட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும். அவள் பெயரைப் போடுவேன். போடாமல் எழுதினால் யாருக்கும் புரியாது.

இதை அவளிடம் படித்துக் காட்டு. ஆட்சேபம் இருந்தால் எழுதட்டும்.

அக்கா


25 மார்ச்

அக்காவுக்கு,

இரண்டாம் பக்கத்தைக் கொடுக்காதீர்கள். அதில் இருப்பது தவறான தகவல். அதை மறுக்க வேண்டியவள் அவள் இல்லை, நான்.

அந்த ஜூன் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது. மறுநாள் காலை, "பெரியவ எப்ப வரா?" என்று கேட்டாள். "லீவு கேட்டிருக்காம்மா" என்றேன். நான் உங்களுக்குத் தகவலே சொல்லியிருக்கவில்லை. சாதாரணக் காய்ச்சல், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் கேட்டாள். அப்போது நகராட்சிக் கட்டடம் இடிந்த செய்தியில் இருந்தேன், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள், இரண்டு நாளாக ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்களே என்று தோன்றியது. கொஞ்சம் தேறட்டும், நல்ல செய்தியோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம். இப்படி ஒவ்வொரு நாளும். எதுவும் பெரிய பொய்யாகத் தெரியவில்லை. காலையில் பல் விளக்கும்போது வருகிற நினைப்பு, குளிப்பதற்குள் போய்விடும். அம்மாவுக்கு மட்டும் தினமும் ஒரு புதுக் காரணம். ரயில் கிடைக்கவில்லை, மேலதிகாரி விடவில்லை, நாளைக்குக் கிளம்புகிறாள். அவள் நம்பினாள். ஒருநாள் தலை சீவிவிடச் சொன்னாள், நீங்கள் வருகிறீர்கள் என்று.

பதினைந்தாம் தேதியிலிருந்து அவளுக்கு நினைவில்லை. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு இறந்தாள். போனைக் கையில் எடுத்தேன். "எப்போதிலிருந்து என்னைக் கேட்டாள்?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்கும் என்று தெரிந்தது. கீழே வைத்துவிட்டேன். "அக்கா வந்தா அழுது ஊரைக் கூட்டுவா, முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம், யாராவது கேட்டா அப்படியே சொல்லு" என்று அவளிடம் சொன்னவன் நான். "தப்புங்க" என்றாள். இரண்டு தடவை. நான் சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டில் கேட்டார்கள், சொன்னாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அடக்கம். ஞாயிறு மாலை உங்களுக்கு போன். திங்கள் மதியம் நீங்கள் வந்து வாசலில் நின்று அவளைக் கேட்டபோது நான் உள்ளறையில் அம்மாவின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். நான்கு தடவை மடித்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவள் ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தாள். நான் வரவில்லை.

அன்று மாலை, "நீங்களே அண்ணிகிட்ட சொல்லிடுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். நாளைக்கு.

இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் விளக்கத்தில் என் பெயரைப் போடுங்கள்.

தம்பி


29 மார்ச்

தம்பிக்கு,

கடிதம் நேற்று வந்தது. படித்தேன்.

இரண்டாம் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

அம்மா என்னைக் கேட்ட நாட்கள் எத்தனை? நான்கிலிருந்து பதினைந்து என்றால் பதினொன்றா, பன்னிரண்டா? நீ உறுதியாகச் சொல்கிற ஆள். உறுதியாகச் சொல்.

அக்கா


2 ஏப்ரல்

அக்காவுக்கு,

பதினொன்று. பதினைந்தாம் தேதி கேட்கவில்லை. தகவல் அவளுடையது. அம்மாவின் மருந்துச் சீட்டுக்குப் பின்னால் அன்றன்றைக்கு எழுதி வைத்திருக்கிறாள்: "அத்தை அண்ணியைக் கேட்டார்கள்", பக்கத்தில் தேதி. சில நாட்களில் இரண்டு கோடு, சில நாட்களில் மூன்று. அந்தச் சீட்டு அவளிடம் இருப்பதே எனக்கு நேற்றுதான் தெரியும். துணி அலமாரியில், தலையணை உறைகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

உங்கள் கடிதங்களை எல்லாம் படித்துக் காட்டினேன். நாற்பத்தொன்றாவது புட்டி வந்த இடத்தில், "நிறுத்துங்க" என்றாள். சமையலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள். திரும்பி வந்து கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணுக்குக் குழந்தைங்க இருக்கா?" எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் மாலை ஜெபத்தில் அவள் தினமும் உங்களைச் சொல்லி ஜெபிப்பாள். ஒன்பது வருடமும். நான் ஆமென் சொல்வேன். நேற்று அதை அவளிடம் சொல்லி, "நீ எவ்வளவு பெரிய மனசுக்காரி" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பெரிய மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க காதுல விழணும்னுதான் தினமும் சத்தமா சொன்னேன். குத்தறதுக்குச் சொன்னேன். அண்ணிக்காக ஒருநாள்கூட நான் ஜெபிச்சதில்ல. அதை ஜெபம்னு நீங்க நெனச்சீங்களா?" என்றாள்.

அப்புறம், "நம்ம மூணு பேரும் தினமும் கண்ண மூடிக்கிட்டுதான் இருந்திருக்கோம்" என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் உங்களைப் பார்க்க வரவேண்டும் என்கிறாள். தனியாக. என்னை வரவேண்டாம் என்றுவிட்டாள். ஏப்ரல் பதினேழு, வியாழக்கிழமை, காலை ரயிலுக்குப் பதிவு செய்திருக்கிறாள். நீங்கள் வேண்டாம் என்றால் ரத்து செய்துவிடுவாள்.

என்னை என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

தம்பி


11 ஏப்ரல்

தம்பிக்கு,

விளக்கத்தை நான்காம் தேதியே கொடுத்துவிட்டேன். மறுநாள்தான் உன் கடிதம் வந்தது.

பக்கம் பக்கமாக எழுத வேண்டாமாம், அதற்கு ஒரு படிவம் உண்டு. "தவறுக்கான காரணம்" என்று போட்டு, கீழே கட்டங்கள். பணிச்சுமை, வெளிச்சக் குறைவு, கருவிப் பழுது, பயிற்சியின்மை, மற்றவை. மற்றவை என்பதற்கு இரண்டு வரி இடம். இரண்டு வரியில் எழுத ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில், "ஒரு பெயரின் மேல் எனக்கிருந்த வெறுப்பால் புட்டியை ஒதுக்கிவைத்தேன், அதனால் வரிசை மாறியது" என்று எழுதினேன். உன் பெயரையோ அவள் பெயரையோ போடவில்லை. வெறுப்பு யாருடையதோ அவர்தானே கையெழுத்துப் போட வேண்டும்?

குழுவின் செயலாளர் வாசித்துவிட்டு, "இதை எந்தத் தலைப்பில் சேர்க்கறதும்மா? 'கவனக்குறைவு'ன்னு மாத்திக்கலாமா?" என்றார். "கவனம் குறையல சார். கவனமாத்தான் ஒதுக்கி வெச்சேன்" என்றேன். சங்கச் செயலாளர் வெளியே வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "உங்களை நாங்க எப்படிம்மா காப்பாத்தறது?" என்றார். அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

இந்தத் திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போனேன். பாதிக்கப்பட்டவர்களோடு பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு. பதிவு ஜன்னலுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். ஒல்லி. கையில் காகிதக் கட்டு. வலது தோளை முன்னால் குறுக்கிக்கொண்டிருந்தாள், குளிரில் இருப்பவள் மாதிரி. அன்றைக்கு நல்ல வெயில். "அக்கா, இந்த ஃபார்மை இங்கதான் குடுக்கணுமா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, அந்த ஜன்னல்" என்றேன். "போன தடவை மூணு இடத்துக்கு அலைய விட்டுட்டாங்க. நான் தையல் வேலை, லீவு போட்டா அவ்வளவுதான்" என்றாள். "என் சட்டையை எல்லாம் நானே பிரிச்சுத் தைக்கிறேன் இப்போ. ஊருக்கெல்லாம் அளவெடுத்தவ, எனக்கே புதுசா அளவெடுக்க வேண்டியதாப் போச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஜன்னலுக்குள்ளிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள்.

உன் மனைவியின் பெயர். அவள் எழுந்து போனாள்.

ஒன்பது வருடமாக அந்தப் பெயருக்கு எனக்கு ஒரே முகம், கதவு நிலையில் கை வைத்த முகம். அந்த முகம் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை என்று உன் கடிதம் சொல்லிவிட்டது. இப்போது அந்தப் பெயருக்கு இந்த முகம். இவளும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. திரும்பி வந்து, "ரொம்ப நன்றிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் மனைவியிடம் சொல்: இரண்டு குழந்தைகள். காகிதக் கட்டுக்குள் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகளும் இருந்தன.

உன்னைப் பற்றி. பழைய பேச்சை உன் பக்கம் திருப்பிப் பார்த்தேன். பதினோரு நிமிடத்தையும் அப்படியே உனக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். ஒன்றிரண்டு சொல்லை மாற்றினால் போதும், பொருந்துகிறது. சலவைக் கூடம் வரை நடந்தேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. களைத்துப் போய்விட்டேன். வெறுப்பதற்கும் தினமும் கொஞ்சம் தெம்பு வேண்டும் போலிருக்கிறது.

அம்மா தலை சீவச் சொன்னதை நீ எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியதும் நல்லதுதான். இரண்டும் தோன்றுகிறது.

ஜெபத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். காலையில் உட்காருகிறேன். பாட்டு டீச்சருக்காகக் கேட்க முடியவில்லை. போன தடவை அவருக்காக நான் கேட்டபோது என் கை என்ன செய்தது என்று ஞாபகம் வருகிறது. தையல்காரப் பெண்ணுக்காக என்றால் பெயரைச் சொல்ல வேண்டும். முதல் எழுத்து வரைக்கும் வருகிறேன். கேட்கிறவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாரா என்பதும் இப்போது எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருடம் தெரியும் என்று நினைத்தேன். கண்ணாடி நேற்று வந்து கதவைத் தட்டி, "ஜெபக்கா" என்றாள். "அப்படிக் கூப்பிடாதடி" என்றேன். "வேற என்னன்னு கூப்பிடறது?" என்றாள்.

உன் மனைவி வருவதைப் பற்றி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வா என்று எழுதப் பேனா ஓடவில்லை. ரயில் பதினொன்றரைக்கு வரும். நிலையத்திலிருந்து இடது பக்கம் திரும்பினால் ஆவிக் குழாய் தெரியும். மூன்றாவது மாடி, படியில் விளக்கு இல்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். கதவைத் திறப்பேன். திறந்த பிறகு என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. தயாராக வைத்திருந்த பேச்சு ஒன்றுதான், அது இனி உதவாது. மருந்துச் சீட்டை அவள் கொண்டுவரட்டும். கோடுகளை நானே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போதைக்குத் தெரிந்தது இவ்வளவுதான். குழுவின் முடிவு ஏப்ரல் முப்பது, புதன்கிழமை. அது எப்படி வந்தாலும் எனக்கு ஒன்றுதான். பாட்டு டீச்சருக்கு நேற்று எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டரம்மா படத்தை ஒரு பார்வை பார்த்தாராம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று கண்ணாடி சொன்னாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாத நாட்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஸ்கேன் முடிவு எழுத்தில் வருவது செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு மேல்.

அக்கா